"அவரைக் கேட்டுட்டுச் சொல்றேன், டாக்டர்!"

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். கிளினிக்கில் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. கணவன், மனைவி இருவரும் உள்ளே வந்தார்கள். அம்மாவுக்கு நாற்பத்து மூன்று வயது. அவர்தான் நோயாளி. ஆனால் எனக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தது கணவர்!

"சொல்லுங்கம்மா, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லீங்க டாக்டர், கொஞ்சம் அசதியா இருக்காம். நல்ல லேகியமா ஏதாவது குடுங்க." பதில் சொன்னது கணவர்.

அவரைக் குறை சொல்ல வரவில்லை. வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு மனைவியைக் கூட்டி வந்தவர். நல்ல மனிதர்தான். இடையில் அவருக்கு ஒரு போன் வர, வெளியே போனார். அந்த ஐந்து நிமிடத்தில்தான் அந்த அம்மா வாய் திறந்தார்.

எட்டு மாதமாக மாதவிலக்கு பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று நீடிக்கிறது. கட்டி கட்டியாகப் போகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைக் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. உடனே ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுக்கச் சொன்னேன்.

"எவ்வளவு ஆகும் டாக்டர்?"

சொன்னேன்.

"அவரைக் கேட்டுட்டுச் சொல்றேன், டாக்டர். இந்த மாசம் பெரியவனுக்கு ஃபீஸ் கட்டணும். அடுத்த மாசம் பார்த்துக்கலாமா?"

அந்த ஃபீஸ் விஷயத்தையும் அவரே சொன்னார். மொத்தமாகத்தான் கட்ட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொன்னார்களாம். இவர் நேரில் போய் ஒரு மணி நேரம் நின்று பேசி, மூன்று தவணையாக மாற்றிவிட்டாராம். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை!

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "ஏம்மா, இதே தொந்தரவு உங்க பொண்ணுக்கு எட்டு மாசமா இருந்தா, அடுத்த மாசம்னு சொல்லுவீங்களா?"

"ஐயோ, அன்னிக்கே தூக்கிட்டு ஓடி வந்திருப்பேனே!"

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

மகனுக்காக ஒரு மணி நேரம் பேரம் பேசத் தெரிந்தவருக்கு, தனக்காக ஒரு வார்த்தை பேச வரவில்லை. ஏன்?

நாக்கு சொல்லும் நோய்

எங்கள் சித்த மருத்துவத்தில் நோயைக் கணிக்க எட்டு வழிகள் சொல்லியிருக்கிறார்கள். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பவை அவை. ஆணுக்கு வலக்கையிலும் பெண்ணுக்கு இடக்கையிலும் நாடி பார்ப்பது வழக்கம். பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் நாடிக்குத்தான் எங்களுக்கு மதிப்பு. 'மொழி'யைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம். குரல் கம்மியிருக்கிறதா, உரத்திருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி.

முப்பது வருடத்துக்கு மேல் நோயாளிகளைப் பார்த்த பிறகு, இந்த மொழிக்குள் வேறொரு சங்கதியும் இருப்பது புரிகிறது. ஆண்களும் பெண்களும் டாக்டரிடம் பேரம் பேசுகிற விதமே வேறு!

ஆண் என்னோடு நேருக்கு நேர் பேரம் பேசுவார். "ஒரு நாளைக்கு ரெண்டு சிகரெட் மட்டும் ஓகேவா டாக்டர்?" "பத்தியம் ஞாயிற்றுக்கிழமை வேண்டாமே!" என்பார். பெண் அப்படிப் பேசுவதில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். வீட்டுக்குப் போய், இரண்டு வேளைக்குக் கொடுத்த சூரணத்தை ஒரு வேளையாக்கி, பதினைந்து நாள் மருந்தை ஒரு மாதத்துக்கு இழுப்பார். அவருடைய பேரம் என்னோடு இல்லை, தன் உடம்போடு.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1943 வங்காளப் பஞ்சத்துக்கு அடுத்த வருடம், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூர் என்ற ஊரில் ஒரு ஆய்வு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களிடமும் கணவனை இழந்த பெண்களிடமும் உடல்நிலை எப்படி என்று கேட்டார்கள். ஆண்களில் நூற்றுக்கு 48.5 பேர் உடம்பு சரியில்லை அல்லது சுமார்தான் என்றார்கள். அப்படிச் சொன்ன பெண்கள் நூற்றுக்கு எத்தனை பேர் தெரியுமா? வெறும் 2.5!

பஞ்சத்தில் அடிபட்ட ஊரில், விதவைகள் மட்டும் திடகாத்திரமாக இருந்திருப்பார்களா? நோபல் பரிசு பெற்ற பொருளாதார மேதை அமர்த்தியா சென் இந்தக் கணக்கை எடுத்துக்காட்டி எழுதியிருக்கிறார். குடும்பம் என்பது அன்பும் ஒத்துழைப்பும் உள்ள இடம்தான். அதே சமயம், யாருக்கு எவ்வளவு என்ற பேரம் சத்தமில்லாமல் நடக்கிற இடமும் அதுதான் என்பது அவருடைய கருத்து. தனக்கென்று ஒரு தேவை உண்டு என்றே நினைக்காதவர் அந்தப் பேரத்தில் தோற்றுத்தான் போவார். தோற்றோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

பெண்ணுக்குத் துணிச்சல் குறைவா?

"ஆம்பளை ரிஸ்க் எடுப்பான், பொம்பளை பயப்படுவா" என்று பொதுவாகச் சொல்கிறோம். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 1999-ல் 150 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் ஆண்களே அதிகம் ரிஸ்க் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. ஆனால் எல்லா விஷயத்திலும் அப்படி இல்லை. சிலவற்றில் வித்தியாசம் மிகச் சிறியது. வருடங்கள் போகப் போக அந்த இடைவெளி குறைந்து வருவதையும் பார்த்தார்கள்.

ஆணின் துணிச்சல் அவர் உடம்பில் என்ன செய்கிறது? நம் நாட்டில் 2022-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 85 பேருக்கு மேல் ஆண்கள். வண்டி ஓட்டுகிறவர்களில் ஆண்கள் அதிகம் என்பது ஒரு காரணம். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு பறப்பது இன்னொரு காரணம். புகையிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-17-ல் எடுத்த தேசிய அளவிலான கணக்கெடுப்பில், ஏதாவது ஒரு வடிவில் புகையிலை பழக்கம் உள்ள ஆண்கள் நூற்றுக்கு 42.4, பெண்கள் 14.2.

சரி, பெண் ரிஸ்க்கே எடுப்பதில்லையா? இன்னொரு கணக்கைப் பாருங்கள்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். ஆணுக்குச் செய்வது சின்ன விஷயம். தழும்பில்லாத முறையில், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, பத்து இருபது நிமிடத்தில் முடித்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், அல்லது துளையிட்டுக் கருவி செலுத்த வேண்டும். ஆபத்து எதில் அதிகம் என்று குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? கருத்தடைக்கு மனைவி ஆபரேஷன் செய்துகொண்ட தம்பதிகள் நூற்றுக்கு 37.9. கணவர் செய்துகொண்டது 0.3. ஒரு முழு ஆள்கூட இல்லை!

உறுப்பு மாற்று சிகிச்சையிலும் இதே கதைதான். 1995 முதல் 2021 வரை நம் நாட்டில் நடந்ததாகப் பதிவான 36,640 சிகிச்சைகளில், உறுப்பைப் பெற்றுக்கொண்டவர்கள் 29,695 பேர் ஆண்கள். 6,945 பேர் பெண்கள். உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகம் கொடுத்தவர்களில் பெரும்பகுதி அம்மாக்களும் மனைவிகளும்தான். குடியால் ஈரல் கெடுவது ஆண்களுக்கு அதிகம் என்பது ஒரு காரணம். ஆனால், இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு அது ஒன்றே காரணமாக இருக்க முடியாது.

இப்போது சொல்லுங்கள், பெண்ணுக்குத் துணிச்சல் குறைவா? ஆணின் ரிஸ்க் கண்ணுக்குத் தெரிகிறது, அதற்கு 'வீரம்' என்று பெயர். பெண்ணின் ரிஸ்க் கண்ணுக்குத் தெரிவதில்லை, அதற்குப் 'பொறுமை' என்று பெயர் வைத்துவிட்டோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறவிக் குணமா, வளர்ப்பா?

"எல்லாம் ஹார்மோன் செய்யற வேலை சார்" என்று படித்தவர்கள் சொல்வதுண்டு. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2010-ல் சூரிச் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் வெளியிட்ட ஒரு பரிசோதனை என் எண்ணத்தை மாற்றியது.

நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களை அழைத்தார்கள். சிலருக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் போலி மருந்து. யாருக்கு எது என்று சொல்லவில்லை. பிறகு, பணத்தைப் பங்குபோடுகிற ஒரு பேர விளையாட்டு. நிஜமாகவே ஹார்மோன் பெற்றவர்கள் எதிராளிக்கு நியாயமான பங்கு கொடுத்தார்கள். எது கொடுக்கப்பட்டிருந்தாலும், தனக்கு ஆண் ஹார்மோன்தான் கிடைத்திருக்கிறது என்று மனதில் *நம்பியவர்கள்*தான் கஞ்சத்தனமாக நடந்துகொண்டார்கள்! ஹார்மோனைவிட, ஹார்மோன் பற்றிய நம்பிக்கை செய்த வேலை அதிகம்.

இன்னொரு ஆய்வு நம் நாட்டிலேயே நடந்தது. மேகாலயாவில் வாழும் காசி இன மக்களிடம் சொத்து கடைசி மகளுக்குப் போகும். குடும்பத்தில் பெண்ணின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் உள்ள மாசாய் மக்களிடம் இதற்கு நேர் எதிர். ஆண் வைத்ததே சட்டம். இரண்டு இடத்திலும் ஒரே விளையாட்டை வைத்தார்கள். ஒரு வாளிக்குள் பந்தை எறிய வேண்டும். விழுகிற ஒவ்வொரு பந்துக்கும் ஒரு தொகை வாங்கிக்கொள்ளலாம். அல்லது இன்னொருவரோடு போட்டி போடலாம். ஜெயித்தால் மும்மடங்கு, தோற்றால் ஒன்றுமில்லை.

மாசாயில் போட்டியைத் தேர்ந்தெடுத்த ஆண்கள் நூற்றுக்கு 50, பெண்கள் 26. காசி மக்களிடமோ பெண்கள் 54, ஆண்கள் 39! 2009-ல் வெளிவந்த முடிவு இது. வீட்டில் பெண்ணுக்கு இடம் இருந்தால் அவள் போட்டிக்கும் முன்வருகிறாள். உடம்பின் பங்கு துளிகூட இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால், வளர்ப்பின் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரிது.

அமெரிக்காவில் 2010-ல் வெளியான மற்றொரு ஆய்வு, என் கிளினிக்குக்கு வந்த அந்த அம்மாவைப் பற்றியே எழுதியது போல இருக்கும். சம்பளப் பேரத்தில் பெண்கள் தங்களுக்காகப் பேசும்போது குறைவாகக் கேட்கிறார்கள். அதே பெண்கள் வேறொருவருக்காகப் பேசும்போது ஆண்களுக்குச் சமமாக நின்று பேசுகிறார்கள். தனக்காகக் கேட்டால் 'இவள் பேராசைக்காரி, அடங்காதவள்' என்று பெயர் வந்துவிடுமோ என்ற தயக்கமே காரணம் என்று கண்டார்கள். பேசும் திறமை இருக்கிறது. தனக்காகப் பேச அனுமதி இல்லை என்று மனம் நினைக்கிறது!

என் வீட்டுக் கதை

ஊருக்கு உபதேசம் செய்கிற நான், என் வீட்டு விஷயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பல வருடம் முன்பு. கிளினிக்கில் எனக்கு நல்ல பெயர் வந்துகொண்டிருந்த நேரம். ரத்தசோகைக்கு, அதாவது எங்கள் நூல்களில் 'பாண்டு' என்று சொல்லும் வெளுப்பு நோய்க்கு, தினமும் நாலு பேருக்காவது கரிசாலை சேர்ந்த மருந்து எழுதிக்கொண்டிருந்தேன். ஊரில் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் போனபோது என் மைத்துனர் மனைவி கேட்டார்: "அண்ணே, அண்ணி முகத்தைப் பார்த்தீங்களா? உதடெல்லாம் வெளுத்துக் கெடக்கே?"

மறுநாளே பரிசோதித்தோம். ஹீமோகுளோபின் 6.8. குறைந்தது 12 இருக்க வேண்டிய இடத்தில்!

எனக்குக் கை நடுங்கியது. "ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று கோபப்பட்டேன்.

"நீங்க கேக்கலையே..." என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பொது மருத்துவரிடம் காட்டி, காரணத்தைக் கண்டுபிடித்து, அவள் தேறி வர ஆறு மாதம் ஆயிற்று. ஊரார் நாடியெல்லாம் பிடித்த கை, பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடிக்கவில்லை. 2019-21 கணக்கெடுப்புப்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 பேருக்கு. அந்த 57-ல் ஒருத்தி என் வீட்டிலேயே இருந்திருக்கிறாள்.

ஆண்களுக்கும் இதே கதிதான்

பெண்கள்தான் பாவம் என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பத்திரண்டு வயது வியாபாரி ஒருவரை அவர் மனைவி கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்தார். "வெறும் கேஸ் டாக்டர், ஒரு சூரணம் குடுங்க, கடை திறக்கணும்" என்றார் அவர். மாடி ஏறும்போது நெஞ்சை அடைக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. நான் சூரணம் கொடுக்கவில்லை. உடனே இருதய மருத்துவரிடம் அனுப்பினேன். ரத்தக் குழாயில் அடைப்பு! 'வலிக்கிறது' என்று சொன்னால் கௌரவம் குறைந்துவிடும் என்று மூன்று மாதம் வாயை மூடியிருந்திருக்கிறார்.

பெண் பொறுத்துக்கொண்டு ரிஸ்க் எடுக்கிறாள். ஆண் வீறாப்பில் ரிஸ்க் எடுக்கிறான். ஆஸ்பத்திரிக்கு இருவருமே லேட்!

வீட்டில் என்ன செய்யலாம்?

அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், வேலைக்கான விளம்பரத்தில் 'சம்பளத்தைப் பேசி முடிவு செய்யலாம்' என்று வெளிப்படையாகப் போட்டார்கள். உடனே கேட்பதில் ஆண், பெண் வித்தியாசம் மறைந்துவிட்டது. 'கேட்கலாம்' என்று தெரிந்தால் பெண்களும் கேட்கிறார்கள். வீட்டுக்கும் இதுவேதான் மருந்து.

1. நோயாளியே பேசட்டும். துணைக்கு வருகிறவர் பக்கத்து நாற்காலியில் உட்காரட்டும். கடைசியில், விட்டுப்போனதை மட்டும் சொன்னால் போதும். தேவைப்பட்டால், "கொஞ்சம் தனியா பேசணும் டாக்டர்" என்று பெண்கள் தயங்காமல் கேளுங்கள்.

2. 'என் மகளுக்கு இருந்தால்?' தள்ளிப்போடத் தோன்றும்போதெல்லாம் இந்தக் கேள்வியைப் பெண்கள் தங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மகளுக்குச் செய்வதை உங்களுக்கும் செய்யுங்கள்.

3. மருத்துவத்துக்குத் தனி டப்பா. சம்பளம் வந்த அன்றே ஒரு சிறு தொகையை எடுத்து மனைவியின் பொறுப்பில் வையுங்கள். அதை எடுக்க யாரையும் கேட்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருப்பதுதான் பாதி நோயை வளர்க்கிறது.

4. வருடத்துக்கு ஒரு நாள் ஜோடியாக. கல்யாண நாளை ஒட்டி இருவரும் சேர்ந்து ஹீமோகுளோபின், சுகர், பி.பி. பார்த்துவிடுங்கள். புடவையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்!

5. ஆபரேஷன் யாருக்கு என்று பேசுங்கள். கணவர் செய்துகொண்டால் ஆண்மை குறையாது, பலமும் குறையாது. செய்த பிறகு சுமார் மூன்று மாதம் வேறு பாதுகாப்பு வேண்டும். விந்துப் பரிசோதனையில் உறுதியான பின் கவலையில்லை.

6. சாப்பாடு. முருங்கைக் கீரை, எள், பேரீச்சை, கேழ்வரகு அடிக்கடி இருக்கட்டும். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிப்பது அதைக் கெடுக்கும். அன்னபேதிச் செந்தூரம் போன்றவற்றைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்கிச் சாப்பிடாதீர்கள். அளவும் அனுபானமும் வைத்தியர் சொல்ல வேண்டியவை. கடைசிப் பந்தியில் மிச்சம் மீதியைச் சாப்பிடும் பழக்கத்தையும் விடுங்கள்.

7. பிள்ளை வளர்ப்பு. மகன் அழுதால் "ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்று கேட்காதீர்கள். மகள் வலி என்றால் "பொறுத்துக்கோ, பொம்பளைன்னா அப்படித்தான்" என்று சொல்லாதீர்கள். இருபது, முப்பது வருடம் கழித்து என் போன்றவர்கள் பார்க்கும் நோய்களுக்கு அங்கேதான் விதை போடுகிறோம்.

தள்ளிப்போடவே கூடாதவை: ஒரு மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டிய அளவு உதிரப்போக்கு, மாதவிலக்கு நின்ற பிறகு மீண்டும் ரத்தம் தென்படுவது, நடந்தாலே மூச்சு வாங்குவது, நெஞ்சு அடைப்போடு வியர்வை. பெண்களுக்கு மாரடைப்பு சில சமயம் தாடை வலி, முதுகு வலி, காரணமில்லாத களைப்பாகவும் வரலாம். இவற்றுக்கு வீட்டு வைத்தியமும் வேண்டாம், என்னைப் போன்றவர்களைத் தேடி வரவும் வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த வியாழக்கிழமை அம்மா என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? போன் பேசிவிட்டு உள்ளே வந்த கணவரிடம் எல்லாவற்றையும் அவரையே சொல்லச் சொன்னேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எட்டு மாசமாவா? எனக்குத் தெரியவே தெரியாதே!" என்றார். மறுநாள் காலையே ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி, நல்லவேளை, புற்றுநோய் இல்லை. மகப்பேறு மருத்துவரிடம் சிகிச்சை எடுத்துக்கொண்டு இப்போது நன்றாக இருக்கிறார்.

போன மாதம் மறுபடி வந்திருந்தார்கள். இந்த முறை பி.பி. அவருக்கு! அம்மா நோயாளி நாற்காலியைக் கணவருக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒண்ணுமில்லை டாக்டர்..." என்று அவர் ஆரம்பித்ததும், அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கணவரிடம் சொன்னார்:

"உள்ளதைச் சொல்லுங்க. நான் சொன்னேன்ல!"